36 அங்குலமா, 42 அங்குலமா?



போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கனடாவில் இருக்கும் என் பழைய மாணவன் அனுப்பியிருந்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடக்கும்போது டெஸ்க்கின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவன் என்றால் அந்த பேட்ச் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

படத்தில் ஒரு வண்டி. முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் டிராக்டர் பெல்ட் மாதிரி அகலமான ரப்பர் பட்டை. ஸ்நோமொபைல் என்கிறார்கள். நம் நாட்டில் குல்மார்க்கில் சுற்றுலா வருபவர்களை இதில் ஏற்றிப் போகிறார்கள். சியாச்சினில் நம் ராணுவமும் ஸ்நோ ஸ்கூட்டர் என்று வைத்திருக்கிறது.

கீழே அவன் எழுதியிருந்தான்: "டீச்சர், ஒரு சந்தேகம். மலையில ஓட்ட இந்த வண்டி வாங்கப் போறேன். முன்னாடி ரெண்டு கட்டைக்கும் நடுவுல எவ்ளோ அகலம் இருந்தா நல்லது? கூட ஓட்டுற பசங்க 36 அங்குலம்ங்கிறாங்க. வீட்ல, 'அகலமா இருக்கறதே வாங்கு, அதான் கவிழாது'ன்னு சண்டை. நீங்கதானே ஈர்ப்பு மையம் நடத்தினீங்க. சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். நெம்மேலியில் பிறந்து, திருப்போரூர் தாண்டி வேலை பார்த்து, ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பனியைத் தவிர வேறு பனி பார்க்காதவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. இதே கேள்வியை ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், சாக்பீஸால் படம் போட்டுப் பதில் சொன்னேன். பாடப்புத்தகப்படி அது சரியான பதில். ஆனால் அதனால் என் தம்பி நான்கு மாதம் கஷ்டப்பட்டான்.

அவனை உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் மெலிந்துவிட்டன. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த நோயின் பேரே தெரியாது. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், ஹவுரா பக்கத்தில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டைப் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தது. எங்கள் காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளாவது முட்டியில் கை ஊன்றி நடப்பார்கள். என் தம்பியும் அப்படித்தான் நடந்தான். பிறகு கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டி வந்தது. அதில்தான் பல வருஷம், தினமும் விடியற்காலை குப்பத்துக்குப் போய் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதினான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கினோம். இரண்டு பிரேக்கும் கையிலேயே இருக்கும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் பொருத்த வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகத் தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான். எங்களுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. சொந்தச் செலவில் வாங்கி ஒரு பட்டறையில் விட்டோம். அந்தக் காலத்தில் சட்டத்தில் இந்த மாதிரி வண்டிக்கு 'இன்வேலிட் கேரேஜ்' என்று பெயர். தம்பி அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, "வண்டியாக்கா இன்வேலிட், நானாக்கா?" என்று கேட்டான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, ஒருவரின் தேவைக்கேற்ப மாற்றிய வண்டி என்ற பொருளில் 'அடாப்டட் வெஹிகிள்' என்று வைத்தார்கள். நல்ல காரியம்.

பட்டறைக்காரர் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல எவ்ளோ வைக்கலாம்?" என்று கேட்டார்.

தம்பி, "36 அங்குலம் போதும்ணே" என்றான்.

நான் குறுக்கே புகுந்தேன். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் போட்டேன். முன்சக்கரம் ஒரு முனை, பக்கச் சக்கரங்கள் இரண்டு முனை. வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேராகக் கீழே விழும் கோடு அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி கவிழாது. முக்கோணம் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையைக் காட்டி உங்களுக்கெல்லாம் நடத்திய அதே பாடம். அவ்வளவு பெரிய பாறை சரிவில் நின்றும் உருளாமல் இருக்கிறதே, ஏன் என்று கேட்பேனே, நினைவிருக்கிறதா?

பட்டறைக்காரர் தலையாட்டினார். தம்பி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். 42 அங்குலம் வைத்தோம்.

வண்டி அசையாமல் மேடை மாதிரி நின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவன் முதல்முறை ஓட்டிப் போனதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் மழைக்காகப் பள்ளி விடுமுறை. மீன் வாங்கலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தேன். மெயின் ரோட்டு ஓரம், சவுக்குத் தோப்பு வேலிக்குப் பக்கத்தில் தம்பியின் ஸ்கூட்டர் பூட்டி நின்றது. ஆளைக் காணோம். சந்துக்குள் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், ஈர மண்ணில், முட்டியில் கை ஊன்றி அவன் போய்க்கொண்டிருந்தான். கணக்கு நோட்டை மழையில் நனையாமல் சட்டைக்குள் சொருகியிருந்தான்.

ஓடிப் போய்ப் பிடித்தேன். "ஏன்டா, வண்டி என்னாச்சு?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலக்கா. சந்துக்குள்ள போகாது."

அந்தச் சந்து எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சந்து. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் துவைக்கிற கல். நடுவில் மூன்றேகால் அடி, அதாவது 39 அங்குலம். பழைய கைப்பெடல் வண்டி அதில் உரசாமல் போகும். 42 அங்குல ஸ்கூட்டர் போகாது. முன்பு வாசலிலிருந்து ஏலம் நடக்கிற இடம்வரை வண்டியிலேயே போனவன், நான் பாதுகாப்பாக்கிக் கொடுத்த வண்டி வந்ததிலிருந்து பாதி வழியை மண்ணில் நடந்திருக்கிறான். தினமும், போகவும் வரவும்.

"நாலு மாசமா ஏன்டா சொல்லல?"

"நீ படம் போட்டுச் சொன்ன. தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்."

முப்பது வருஷம் போர்டில் படம் போட்டவள் நான். அந்த ஒரு பதில் என்னைத் தூங்கவிடவில்லை. என் படத்தில் எல்லாம் இருந்தது. சந்து மட்டும் இல்லை. அவன் தினமும் போகிற வழி எது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று ராத்திரி அவனை உட்கார வைத்துக் கேட்டேன். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. ரோட்டின் இடது ஓரத்தில் போனால் வெளிச்சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கி வண்டியை இழுக்குமாம். உள்ளே தள்ளி ஓட்டினால் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்குமாம். இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் நிற்க, நடுவில் இருக்கும் பின்சக்கரம் பள்ளத்தில் வந்தால் அது தரையைத் தொடாமல் சும்மா சுற்றுமாம். இன்ஜின் ஓடுவது அந்த நடுச்சக்கரத்தில்தான், அதனால் வண்டி நகராது. யாராவது வந்து தள்ளிவிட வேண்டும். பக்கச் சக்கரங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு பெரிய பள்ளத்தின் மேல் பாலம் போட்ட மாதிரி நிற்கும்.

மறுநாளே பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி அன்னிக்கே 36-ன்னு சொன்னாரு டீச்சர்."

இந்தமுறை சுவரில் படம் போடவில்லை. வண்டியிலேயே சோதித்துப் பார்த்தோம். தம்பியை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, ஒரு பக்கச் சக்கரத்தைப் பலகை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, பள்ளிக்கூடத்துப் பெரிய பாகைமானியைக் கட்டி, எந்தச் சாய்வில் மேல்பக்கச் சக்கரம் எடை இழக்கிறது என்று பார்த்தோம். 42 அங்குலத்தில் சுமார் 25 பாகை. 36 அங்குலமாக்கியபோது சுமார் 22.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 5 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் திரும்பும்போது, 25 பாகை தாங்கும் வண்டி மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டரில் தூக்கும். 22 பாகை தாங்கும் வண்டி சுமார் 16-ல் தூக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். கவிழ்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளரும் என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்கு. அந்த வளைவில் 30-ல் திரும்பினால் 42 அங்குலமும் காப்பாற்றாது. 12-ல் திரும்பினால் 36 அங்குலமே போதும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்காக என் தம்பியின் வழியையே நான் அடைத்திருக்கிறேன்.

பிறகு பட்டறைக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். "அகலத்தை மட்டும் ஏன் பாக்கறீங்க டீச்சர்? ஒசரத்தையும் பாருங்க." நான் நடத்தும் பாடத்தின் மறுபாதி அது! ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் முக்கோணம் சின்னதாக இருந்தாலும் வண்டி நிற்கும். சீட்டு நுரையை அறுத்துத் தணித்தார். சீட்டை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளினார். முக்கோணம் முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் அகலமாகவும் இருப்பதால், எடை பின்னால் போகப் போக இரண்டு பக்கமும் இடம் கூடும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் கேன், மீன் கூடை வைப்பதை நிறுத்தி, பின்னால் தாழ்வாக ஒரு கம்பிக் கூடை வைத்தார். ஒரே இரும்புத் தண்டாக இருந்த பக்கச் சக்கர அமைப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங் போட்டார். இப்போது ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் நடுச்சக்கரம் தரையை விடுவதில்லை.

மறுபடி தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தோம். 36 அங்குலத்திலேயே 25 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை கோவளம் போகும் வழியில், திரும்பிக்கொண்டே முன்பிரேக்கைப் பிடித்துவிட்டான். பிரேக் பிடித்தால் எடை முன்னால் பாயும், முன்னால்தான் முக்கோணம் கூர். உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, மறுபடி விழுந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினான். அதிலிருந்து திருப்பத்துக்கு முன்பே பிரேக், திரும்பும்போது பிரேக் இல்லை என்று பழகிக்கொண்டான். ஆனால் அடுத்த நாள் காலை சந்துக்குள் வண்டியிலேயே போனான். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம்தான் மிச்சம். கல்லில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

இனி கனடாக்காரன் கதைக்கு வருகிறேன். அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. பட்டுத் தெளிந்தவள் இல்லையா? முதலில் கேள்விகள் அனுப்பினேன். வாரத்தில் எத்தனை நாள் சமமான தடத்தில் ஓட்டுவாய், எத்தனை நாள் மலைச்சரிவில்? உன் உயரம், எடை என்ன? முதுகில் பை மாட்டுவாயா? இதுவரை விழுந்திருக்கிறாயா? எங்கே, எப்படி?

மறுநாள் நீளமாக எழுதினான். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இயந்திரம் வைத்து அழுத்திச் சமப்படுத்திய தடத்தில் வேகமாகப் போகிறவர்கள் 42, 43 அங்குல அகலம் உள்ள வண்டி வைத்திருப்பார்களாம். வளைவில் படுத்துவிடாமல் தட்டையாகத் திரும்பும். மலையில் ஓட்டுபவர்களின் வண்டி 36 அங்குலத்தை ஒட்டி இருக்கும். சிலதில் ஒன்றிரண்டு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம்.

மலையில் ஏன் குறுகல்? சரிவுக்குக் குறுக்கே போகும்போது வண்டியை மேட்டுப் பக்கமாக வேண்டுமென்றே சாய்க்க வேண்டுமாம். அப்படிச் சாய்த்தால்தான் அதன் விளிம்பு பனியைக் கடித்துக்கொண்டு போகும். அகலமாக இருந்தால் மேட்டுப் பக்கக் கட்டை பனியில் முட்டி, வண்டியைத் தட்டையாக்கிப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடும். இதற்காகவே, வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியைக்கூடப் பல மலை வண்டிகளில் வைப்பதில்லையாம்.

பாருங்கள் பிள்ளைகளே! என் தம்பியின் வண்டி சாயவே கூடாது. இவன் வண்டி சாய்ந்தே ஆகவேண்டும். கணக்கு ஒன்றுதான், தேவை நேர் எதிர். இரண்டிலும் 36 வந்தது தற்செயல். எண்ணைப் பார்த்து எண்ணைக் காப்பியடித்தால் பரீட்சையில் மட்டுமல்ல, மலையிலும் விழ வேண்டியதுதான்.

அவன் பெரும்பாலும் போவது மலைக்கு, புதுப் பனியில். இதுவரை விழுந்ததெல்லாம் நண்பனின் அகல வண்டியைச் சரிவில் சாய்க்க முடியாமல் கீழே தள்ளப்பட்டு. ஆள் ஐந்தரை அடி, ஒல்லி. அகல வண்டியைச் சாய்க்க அவன் எடை பற்றாது. அதனால் 36-ஐ ஒட்டியதையே வாங்கு என்று சொன்னேன். கூடவே, தடத்தில் போகும்போது வளைவில் வேகத்தைக் குறை, சாமானை முதுகில் உயரமாகக் கட்டாமல் தாழ்வாக வை என்றேன். அவன் மனைவியையும் போனில் கூப்பிட்டுப் பேசினேன். அந்தப் பெண்ணின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து அகலத்தில் இல்லை. மலையில் ஆளை விழுங்குவது பெரும்பாலும் பனிச்சரிவு. சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி மூன்றும் இல்லாமல், தனியாக அவனை வெளியே விடாதே என்றேன். "இத அவர்கிட்டயும் சொல்லுங்க டீச்சர், நான் சொன்னா கேக்க மாட்டார்" என்றாள்.

அவன் இன்னொரு விஷயமும் எழுதியிருந்தான். இந்த வண்டியின் கதை கியூபெக்கில் ஒரு மெக்கானிக் வீட்டில் தொடங்குகிறது. ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்று பெயர். 1934 குளிர்காலத்தில் பனி ரோட்டை மூடிவிட, அவருடைய இரண்டு வயது மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி செய்ய அதற்கு முன்பிருந்தே முயன்றுகொண்டிருந்தவர், அதன் பிறகும் விடவில்லை. 1937-ல் காப்புரிமை வாங்கினார். 1959-ல் ஒருவர் இருவர் ஏறும் சின்ன வண்டியாக 'ஸ்கீ-டூ' வந்தது. இன்று அதில் விளையாடுகிறார்கள், பந்தயம் விடுகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் அது, வழி அடைபட்ட ஒரு வீட்டிலிருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதற்கான வண்டி. அதைப் படித்ததும் எனக்கு நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு மழையில் போன என் தம்பிதான் கண்ணில் நின்றான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படித்தான். "அக்கா, நாந்தான் மொதல்லயே 36-ன்னு சொன்னேன்னு எழுதினியா?" என்று கேட்டான். எழுதிவிட்டேன் என்று காட்டினேன். "ரெண்டு தடவ எழுது" என்றான். எழுதுகிறேன்: அவன்தான் முதலில் 36 என்று சொன்னான்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் வயதானவர்களுக்கு வாக்கர், சக்கர நாற்காலி, பக்கச் சக்கர ஸ்கூட்டர் எது வாங்கினாலும், கடைக்குப் போகும் முன் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் கதவு, வாசற்படி, சந்து, தினமும் போகிற டீக்கடை வழி எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். அளந்த பிறகு, அதில் உட்காரப் போகிறவரிடம் "நீ எங்கெங்கே போகணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். நான் பேசினேன்.

பழைய ஸ்கூட்டர் போய் இப்போது இருப்பது அவனுடைய இரண்டாவது வண்டி. அகலம் மாறவில்லை. சாயங்காலம் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம்வரை ஒரு சுற்று போய்வருவான். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது, நடக்க முடிவதில்லை. திருப்பத்தில் நான் பயந்து அவன் தோளைப் பிடித்தால், "பாகைமானி எடுத்துட்டு வந்தியாக்கா?" என்று கேட்கிறான்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்